சகலை குதித்த பெட்டி

என் சகலை செய்கிற எந்தச் சாமானும் அவரை ஒருமுறையாவது சுமக்காமல் எங்கள் பட்டறையை விட்டு வெளியே போனதில்லை. நாற்காலி என்றால் அதில் உட்கார்ந்து ஒரு டீ குடிப்பார். குடித்து முடிப்பதற்குள் முன்னும் பின்னும் ஆடுவார், ஒரு பக்கமாகச் சாய்வார், பின்னால் யாரோ கூப்பிட்ட மாதிரி இடுப்பைத் திருப்பிப் பார்ப்பார். ஸ்டூல் என்றால் ஏறி நின்று பல்பு மாட்டுகிறவர்போலக் கையை உயர்த்துவார். கட்டில் என்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் அதில் படுத்துப் புரண்டுவிட்டுத்தான் அனுப்புவார். அலமாரி செய்தபோது உள்ளே நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டு, "சகலை, இப்ப வெளியேருந்து இழு" என்று குரல் கொடுத்தவர். ஒருமுறை ஒருவர் சவப்பெட்டி வேண்டும் என்று வந்தார். அக்கா வாசலிலேயே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

அக்கா என்று நான் சொல்வது சகலையின் மனைவியை. அவள் தங்கையைத்தான் நான் கட்டியிருக்கிறேன். சகலை தச்சு வேலை, நான் பாலிஷ் வேலை. பதினொரு வருடங்களாக ஒரே பட்டறையில், அவர் செய்து தள்ளுவதை நான் மினுக்கித் தள்ளுகிறேன். பட்டறை அவர்கள் வீட்டின் கீழ்த்தளம். நீளமான ஒரே அறை. வாசல் பக்கம் அறுக்கிற இயந்திரம், நடுவில் அவருடைய வேலை மேசை, கடைசியில் ஜன்னலை ஒட்டி என் டப்பாக்களும் தூரிகைகளும். தூசு என் பக்கம் வராமல் இருக்க நடுவே ஒரு பிளாஸ்டிக் திரை. திரைக்கு அந்தப் பக்கம் அவர் ராஜ்யம், இந்தப் பக்கம் என்னுடையது.

ஊரில் அவருக்கு மூலைமட்டம் என்று பெயர். இரண்டு பலகை சேர்கிற மூலை நேராக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கிற கருவிக்கு அந்தப் பெயர். இவருக்கும் அது பொருந்தும். நோயாளியை விசாரிக்கப் போன வீட்டில் சுவர்ப் படம் கோணலாக இருந்தால் முதலில் அதைச் சரி செய்துவிட்டுத்தான் நோயாளி பக்கம் திரும்புவார். வயது ஐம்பத்தொன்று. என் தோளுக்கு வருவார். சின்னத் தொந்தி உண்டு. தொடை மட்டும் இரண்டும் கட்டில் கால் மாதிரி இருக்கும். இன்றைக்கும் மரக்கடைக்கு சைக்கிளில்தான் போவார்.

இந்தச் சுமக்க வைத்துப் பார்க்கிற பழக்கம் அவருக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. நான் சேர்வதற்கு முன்னால், தொழில் தொடங்கிய வருடம், ஒரு நூலகத்துக்கு ஏறி நின்று புத்தகம் எடுக்கிற ஸ்டூல் செய்து கொடுத்திருக்கிறார். அவசரம் என்று ஏறிப் பார்க்காமல் அனுப்பிவிட்டார். ஒரு கால் பிசகி, நூலகத்து அம்மா விழுந்து மணிக்கட்டு முறிந்துபோனது. அந்த அம்மா சண்டைக்கு வரவில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையோடு வந்து, "இந்தக் காலை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க தம்பி" என்றாராம். நாலு வார்த்தை திட்டியிருந்தால் சகலை மறந்திருப்பார். திட்டாததுதான் அவரை இத்தனை வருடமாகத் தின்கிறது.

எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தாலும் கிண்டல் செய்யாமல் இருக்க முடியாது. நான் அவசரக்காரன். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி நிற்கிறேன் என்று என் மனைவியே சொல்வாள். வண்டிக்காரன் வாசலில் நிற்பான், வாங்குகிறவர் போன் மேல் போன் போடுவார், இவர் நாற்காலியில் சாய்ந்து டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் எனக்கு வருகிற கோபத்தில் திரையைக் கிழித்துப் போடலாம்போல இருக்கும்.

அப்படி இருக்கையில்தான் கோச்சம்மா வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். பக்கத்து மைதானத்தில் பெண்களுக்கு வாலிபால் சொல்லிக்கொடுக்கிறவள். கழுத்தில் விசில் தொங்க உள்ளே வந்து, மூன்று மரப்பெட்டி வேண்டும் என்றாள். ஒன்று ஓரடி உயரம், ஒன்று ஒன்றரை அடி, ஒன்று இரண்டடி.

சகலை காதிலிருந்த பென்சிலை எடுத்தார். "மூடி எந்தப் பக்கம் திறக்கணும்மா?"

"மூடியே வேண்டாம்ணே."

"பூட்டு?"

"அண்ணே, இது உள்ள சாமான் வைக்கற பெட்டி இல்ல. மேல குதிக்கற பெட்டி."

சகலை பென்சிலைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டார். அவருக்குப் புரியவில்லை என்றால் அப்படித்தான் செய்வார். அவள் சுற்றிலும் பார்த்தாள். சுவரோரம் பலகைகள் அவள் முழங்காலுக்கு மேல் வரை அடுக்கியிருந்தன. அதற்கு முன்னால் போய் நின்றாள். ஓடி வரவில்லை, ஓர் அடிகூடப் பின்னால் வைக்கவில்லை. இரண்டு கையையும் பின்னுக்கு வீசி, பாதி உட்கார்ந்து, அப்படியே எழும்பினாள். அடுத்த நொடி பலகை மேல் நின்றாள். பிறகு ஒவ்வொரு காலாக நிதானமாக இறங்கினாள்.

"சத்தமே வரலையே" என்றார் சகலை.

"அதுதாண்ணே கணக்கு. பந்தை அடிக்க எழும்பறப்ப இடுப்புக்குக் கீழ உள்ள பலம் மொத்தமும் ஒரே நொடியில வெடிச்சு வெளிய வரணும். ஏறி உக்கார்றப்ப பூனை மாதிரி உக்காரணும். தொப்புன்னு சத்தம் கேட்டா முழங்கால் அடி வாங்குதுன்னு அர்த்தம். இத்தனை நாள் பழைய பெஞ்சுல பண்ணிட்டிருந்தோம், அது ஆடுது. பயந்துகிட்டே குதிச்சா பலம் எங்கேருந்து வரும்?"

அடுத்த மாதம் முதல் திங்கள்கிழமை பயிற்சி ஆரம்பம் என்றாள். ஏறக்குறைய ஐந்து வாரம் இருந்தது. "மூணு வாரமே போதும்மா" என்று வாயை விட்டவன் நான்தான்.

அவள் போனதும் சும்மா இருக்காமல் கேட்டேன். "சகலை, இதுல எப்படி உக்காந்து டீ குடிக்கப் போறீங்க?"

அவர் சிரிக்கவில்லை. "இது உக்கார்றதுக்கா செய்யறோம்? குதிக்கறதுக்கு. அப்ப குதிச்சுத்தான் பாக்கணும்."

"யாரு?"

"செஞ்சவன்தான்."

பெட்டிகள் ஒரு வாரத்தில் தயாராகிவிட்டன. கனமான ப்ளைவுட், உள்ளே குறுக்கும் நெடுக்குமாகத் தாங்கு சட்டம், மூலைகளில் பலகை ஓரங்களைப் பல்லுக்குப் பல் கோத்து, பசை வைத்து, ஸ்க்ரூ முடுக்கி, முழங்கால் பட்டால் கிழிக்காதபடி விளிம்பையெல்லாம் இழைத்து உருட்டியிருந்தார். யானை ஏறினாலும் தாங்கும். ஆனால் யானை ஏறினால் அவருக்குப் போதாது, அவர் ஏற வேண்டும். ஓரடிப் பெட்டியில் முதல் நாளே குதித்தார். ஒன்றரை அடியில் மூன்றாவது நாள் ஏறினார், தொப்பென்ற சத்தத்தோடு. சத்தம் வந்ததால் அது கணக்கில் சேராது என்று அவரே சொல்லிவிட்டு, மறுபடி இரண்டு நாள் முயன்றார். மேலே அக்கா வீட்டில் தட்டு முட்டுச் சாமானெல்லாம் கலகலத்தது. அவள் படியிறங்கி வந்து பார்த்தாள். அவளுக்கு மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற வேலை. எதைப் பார்த்தாலும் எங்கே அடிபடும் என்றுதான் முதலில் யோசிப்பாள்.

"பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு நிப்பாரு உங்க சகலை. கடைசியில இவருக்கே மூணு காலாகப் போகுது, கைத்தடியோட சேத்து" என்றாள் என்னிடம்.

இரண்டடிப் பெட்டி முன்னால் போய் நின்றபோதுதான் விஷயம் முற்றியது. கையை வீசினார், உட்கார்ந்தார், எழும்பவில்லை. எழும்பாமலேயே நின்று பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு முழுவதும் அப்படி ஏழெட்டு முறை. அன்று சாயங்காலம் கோச்சம்மாவிடம் யோசனை கேட்க, சைக்கிளை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கே போய்விட்டார். கோச்சம்மா வேலை முடிந்து வருகிற வழியில் பட்டறைக்குள் நுழைந்தபோதுதான் எனக்கு அது தெரிந்தது.

அவரைக் குதிக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாதம் தோள் அகலத்துக்கு இருக்க வேண்டும். எழும்புவது காலால் மட்டும் இல்லை, கைவீச்சும் சேர்ந்துதான் தூக்கும். பெட்டி மேல் காலை ஊன்றும்போது முழங்கால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உள்ளே மடங்கக் கூடாது. பாதம் முழுக்கப் பதிய வேண்டும். ஏறியதும் இடுப்பை நிமிர்த்தி நிற்க வேண்டும், கீழே குதிக்கக் கூடாது, இறங்க வேண்டும். ஒரு நேரத்துக்கு ஐந்து முறை, அதற்கு மேல் வேண்டாம், நடுவில் நன்றாக மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும். களைத்துப்போன கால் பொய் சொல்லும் என்றாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

கடைசியில், "அண்ணே, நீங்க குதிச்சே ஆகணும்னு எனக்கு ஒண்ணும் இல்ல. பெட்டி நல்லா இருக்கு. நான் எடுத்துட்டுப் போறேனே" என்றாள்.

"இன்னும் பாக்கலைம்மா" என்றார் அவர், ஏதோ கடிதம் எழுதி முடிக்கவில்லை என்கிற மாதிரி.

மறுநாள் நான் வந்தபோது ஒன்றரை அடிப் பெட்டியின் மேல் முக்கால் அங்குலப் பலகை ஒன்றை ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார். "ரெண்டு நாளைக்கு ஒரு பலகை. எட்டுப் பலகை ஏத்தினா ஆறு அங்குலம். ரெண்டடி ஆயிடும்" என்றார். அவ்வளவுதான் திட்டம். தரையில் பென்சிலால் இரண்டு பாதத்தையும் வரைந்து வைத்தார். முழங்கால் உள்ளே மடங்குகிறதா என்று பார்க்க என்னை எதிரே உட்கார வைத்தார். நானும் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "மடங்குது. இப்ப மடங்கல. இப்ப ஒண்ணு மட்டும் மடங்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முழங்காலுக்கும் மொட்டைத் தலைக்கும் முடிச்சுப் போடுகிற வேலை என்று நினைத்தேன். முதல் தடவை கையை வீசி எழும்பியபோது காதிலிருந்த பென்சில் பறந்து என் வார்னிஷ் டப்பாவுக்குள் விழுந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்களில் மனுஷன் சந்தோஷமாக இருந்தார். நான்காவது பலகையில் சத்தம் நின்றது. ஐந்தாவது பலகையில் ஏறி நின்று, தன் தலை எட்டாத உயரத்தில் சுவரில் நான் மாட்டியிருந்த என் சட்டையைப் பார்த்து, "பாக்கெட் கிழிஞ்சிருக்கு சகலை" என்றார். மாடிப்படி ஏறும்போது இரண்டிரண்டு படியாக ஏறுகிறார் என்று அக்கா சொன்னாள். சொல்லும்போது குறை சொல்கிற குரல்தான், ஆனால் முகத்தில் குறை இல்லை. "ராத்திரி முழங்காலுக்குத் தைலம் தேய்ச்சு விடறது நானு. பலகை ஏத்தறது இவரு" என்றாள்.

கோச்சம்மா இரண்டு முறை போன் செய்தாள். மூன்று வாரம் என்று சொன்ன நான், பாலிஷ் இன்னும் காயவில்லை என்று பொய் சொன்னேன். பெட்டிக்கு இன்னும் பாலிஷே போடவில்லை.

எட்டாவது பலகை வெள்ளிக்கிழமை காலை ஏறியது. அதன் மேல் மூன்று முறை சத்தமில்லாமல் குதித்தார். பிறகு உண்மையான இரண்டடிப் பெட்டியை இழுத்துப் போட்டு, வெறுங்காலோடு அதன் முன்னால் நின்றார். நான் திரையை ஒதுக்கிவிட்டு வந்து நின்றேன். கையை வீசினார். அடுத்து நான் பார்த்தபோது மேலே நின்றார். காக்கி அரைக்கால் சட்டையும் தொந்தியும் என் கண்ணுக்கு நேராக, மரத்தூள் படிந்த தலை அதற்கும் மேலே. ஸ்டூலில் ஏறி நின்றபோதெல்லாம் பார்க்காத மாதிரி அன்று நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மரத்தூள் என்று சொல்லித் தப்பித்தேன்.

"சரி, உன் வேலையை ஆரம்பி" என்றார்.

ஆரம்பித்தேன். இருந்தது ஒரு நாள். ஒன்றரை அடிப் பெட்டியில் ஏற்றிய பலகைகளை அவர் கழற்றி, ஸ்க்ரூ ஓட்டைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்துக் கொடுத்தார். என் கையில் உள்ள வித்தையையெல்லாம் அந்த மூன்று பெட்டியில் இறக்கினேன். ஒன்றும் இல்லாத சரக்குப் பெட்டியாக அது மைதானத்துக்குப் போவதில் எனக்கு இஷ்டமில்லை. இரண்டு கோட், நடுவில் உப்புத்தாள், மேலே கடைசி கோட் கண்ணாடி மாதிரி. சனிக்கிழமை மத்தியானம் மூன்றும் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்கிற அளவுக்குப் பளபளத்தன. கோச்சம்மாவே வண்டியோடு வந்தாள். பார்த்ததும், "எவ்ளோ அழகா இருக்குண்ணே" என்றாள். அழகு என்று ஒருவர் சொன்னால் எனக்கு அப்புறம் காது கேட்காது. ஓரடியும் ஒன்றரை அடியும் வண்டியில் ஏறின. இரண்டடியை நானும் வண்டிக்காரரும் பிடித்துத் தூக்கினோம்.

"கொஞ்சம் இறக்கு" என்றார் சகலை.

"என்ன?"

"பாலிஷ் ஆனப்புறம் நான் குதிக்கலையே."

என் பொறுமை அங்கே அறுந்தது. வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், பெட்டி இல்லாமலேயே. "நேத்துதானே குதிச்சீங்க? அதே மரம், அதே ஸ்க்ரூ, அதே ஆளு. பாலிஷ் போட்டா பெட்டி வளந்துடுமா? வாசல்ல வண்டி நிக்குது. வந்தவங்க முன்னாடி மானத்தை வாங்காதீங்க."

"நாற்காலியில பாலிஷ் ஆனப்புறம்தானே உக்கார்றேன்" என்றார். பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் உள்ளே போய் ஒரு ஜோடி ஷூ போட்டுக்கொண்டு வந்தார். நடைப்பயிற்சிக்கு என்று அக்கா வாங்கிக் கொடுத்து, இரண்டு வருடமாக அட்டைப்பெட்டிக்குள்ளேயே நடந்துகொண்டிருந்த ஷூ. "பொண்ணுங்க ஷூ போட்டுட்டுத்தானே குதிப்பாங்க" என்றார். தரையெல்லாம் மரத்தூள். அதில் நாலு அடி நடந்து வந்து, பென்சில் பாதங்களின் மேல் நின்று, கையை வீசி எழும்பினார். நல்ல குதிப்பு. முந்தின நாளை விட உயரம். இரண்டு பாதமும் பெட்டியின் மேல் சரியாகப் பதிந்தன. பதிந்த அதே வேகத்தில் முன்னால் வழுக்கிக்கொண்டு போயின.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இது யானை செய்த தப்பு இல்லை. அவர் மல்லாக்கச் சரிந்து, கெண்டைக்கால் விளிம்பில் உரசி, பக்கவாட்டில் தரையில் விழுந்தார். விளிம்பை உருட்டியிருந்ததால் தோல் மட்டும் உரிந்தது. கணுக்கால் திரும்பிக்கொண்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோச்சம்மா ஓடி வந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். தலையில் அடி இல்லை. சகலை உட்கார்ந்த வாக்கில் பெட்டியின் மேல்பக்கத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

திட்டியிருக்கலாம். மர வேலை செய்கிறவர்களிலேயே, குதிக்கிற பலகைக்குக் கண்ணாடி வார்னிஷ் அடிக்கிற அறிவாளி நான் ஒருவனாகத்தான் இருப்பேன். திங்கள்கிழமை இதே பெட்டியில் பதினாறு வயசுப் பெண் ஒருத்தி முழு பலத்தோடு எழும்பியிருந்தால்? வண்டியில் ஏற்றிய இரண்டு பெட்டிகளையும் நானே ஒற்றை ஆளாக இறக்கினேன்.

அக்கா வந்து காலைப் பார்த்தாள். எலும்புக்கு ஒன்றும் இல்லை, மூன்று வாரம் தரையை விட்டுக் கால் எழும்பக் கூடாது என்றாள். கட்டுப் போடும்போது அவரைத் திட்டவில்லை, என்னைத் திட்டவில்லை. துணியை மட்டும் வழக்கத்தை விட இறுக்கிச் சுற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து உப்புத்தாளோடு உட்கார்ந்தேன். நான் ஏற்றின மினுமினுப்பை நானே இறக்கினேன். மூன்று பெட்டியின் மேல்பக்கத்தையும் வெறும் மரம் தெரிகிறவரை தேய்த்து, கோச்சம்மா சொன்னபடி கொஞ்சம் சொரசொரப்பாகவே விட்டேன். பக்கங்களில் மட்டும் வார்னிஷ் இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு அவள் வந்தாள். சகலை கட்டுப் போட்ட காலை ஒரு ஸ்டூலின் மேல் நீட்டி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அக்கா.

"நான் குதிச்சுப் பாத்துடறேன்ணே" என்று கோச்சம்மா ஷூ நாடாவை முடிந்தாள்.

"நீங்க வாங்கறவங்கம்மா. செஞ்சவன்தான் முதல்ல ஏறணும்."

"நீங்கதான் மூணு வாரம் குதிக்கக் கூடாதே."

"பெட்டியை நான் செஞ்சேன். வழுக்கலைச் செஞ்சது அவன்" என்று என் பக்கம் கையைக் காட்டினார். "சகலை, நீ குதி."

கோபமாகச் சொல்லவில்லை. பசை டப்பாவை எடு என்கிற குரலில் சொன்னார். நான் சிரித்துப் பார்த்தேன். யாரும் கூடச் சிரிக்கவில்லை. சரி, நான் நெட்டையன், இவர் ஏறின உயரம் எனக்கு ஒரு பெரிய படி, அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன். என் ஷூவை மாட்டிக்கொண்டு வந்து ஓரடியில் குதித்தேன். ஒன்றரை அடியிலும் குதித்தேன், வீடு அதிர. இரண்டும் பாதத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டன. கோச்சம்மா முழங்காலை மடக்கச் சொன்னாள். இரண்டாவது தடவை சத்தம் குறைந்தது. பிறகு இரண்டடியின் முன்னால் போய் நின்றேன்.

கையை வீசினேன். உட்கார்ந்தேன். கால் எழும்பவில்லை.

அவர் முயன்ற நாட்களில் எதிரே உட்கார்ந்து நான் கிண்டல் செய்தது நினைவுக்கு வந்தது. இரண்டாவது முறையும் அதேதான். ஷூ இறுக்கமாக இருக்கிறது என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அக்கா அதை வாய் விட்டுச் சொல்லவில்லை, ஆனால் நினைத்தாள், எனக்குத் தெரியும்.

"பயம் இருந்தா விட்டுடுங்க, பரவாயில்ல" என்றாள் கோச்சம்மா. "எதுக்குப் பயப்படறீங்கன்னு மட்டும் பாருங்க. உயரத்துக்கா, வேற எதுக்காவதா?"

உயரத்துக்கு இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. என் கண் பெட்டியின் இடது முன்மூலையை விட்டு நகரவில்லை. அந்த மூலையைத் தேய்க்கும்போது உப்புத்தாள் தீர்ந்துபோயிருந்தது. புதுத் தாள் எடுக்க எழுந்து போகச் சோம்பல்பட்டு, தேய்ந்த தாளாலேயே நாலு இழுப்பு இழுத்து, கண்ணுக்குத் தெரியாது என்று விட்டிருந்தேன். வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. சகலை கண்ணுக்கே தெரியவில்லை. என் காலுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

நான் திரும்பி என் பக்கத்து அலமாரிக்குப் போனேன். புதுத் தாள் ஒன்றை எடுத்து வந்து பெட்டியின் முன்னால் மண்டியிட்டு அந்த மூலையைத் தேய்க்க ஆரம்பித்தேன். பத்து நிமிடம் இருக்கும். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கத்தில் என் காதெல்லாம் சூடாகிவிட்டது. உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை தடவினேன். மற்ற மூலைகளுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாதவரை தேய்த்தேன்.

பிறகு எழுந்து, ஷூவைத் தட்டிக்கொண்டு, அவருடைய பென்சில் பாதங்களின் மேல் நின்றேன். என் பாதம் அதை விடப் பெரியது. கையை வீசினேன்.

எப்படி எழும்பினேன் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கீழே இருந்தேன், மேலே இருந்தேன். பாதம் மரத்தில் பதிந்து, பதிந்த இடத்திலேயே நின்றது. பதினொரு வருடமாக எத்தனையோ சாமான்களைத் தொட்டு மினுக்கியிருக்கிறேன். என் வேலையின் மேல் நானே ஏறி நின்றது அன்றைக்குத்தான். அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன்னால் அறிந்ததில்லை.

"வழுக்குச்சா?" என்றார் சகலை.

"இல்ல."

ஒவ்வொரு காலாக இறங்கினேன். அவர் நாற்காலியிலிருந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அனுப்பு, இரு, இன்னொரு தடவை பாக்கணும், இப்படி ஏதாவது ஒன்றை அவர் சொல்வார், நான் செய்வேன், இத்தனை வருடமும் அப்படித்தான். அன்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அனுப்பலாமா சகலை?"

நான் குனிந்து அந்த மூலையை இன்னொரு முறை தடவிப் பார்த்துவிட்டு, "அனுப்பலாம்" என்றேன்.